அறுபது நாள்

1982-ஆம் ஆண்டு பம்பாய் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டபோது எங்கள் எழுத்தர் வேலை போயிற்று. மாதுங்காவில் பத்து மாதம் கடனில் காலந்தள்ளினோம். வயிறு வாடியதேயன்றி, ஊரைவிட்டுப் போ என்று எவரும் கூறவில்லை.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் எங்கள் மகனுக்கோ அந்த ஆறுதல் இல்லை. சென்ற ஆண்டு அவனுக்கு வேலை போயிற்று. மூன்று வாரம் மறைத்தபின்னரே சொன்னான். "பொறுமையாகத் தேடு" என்றோம். "அப்பா, இன்னும் 39 நாள்தான் இருக்கிறது" என்றான்.

அப்போதுதான் விதியை அறிந்தோம். 2017 சனவரி முதல் நடப்பிலுள்ள முறைப்படி, வேலை முடிந்தபின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. தங்கும் அனுமதி அதற்கு முன்பே முடியுமாயின் அதுவரைதான். அந்நாட்களில் ஊதியத்துக்கு உழைக்கலாகாது. அதற்குள் புதிய நிறுவனம் மனுச் செய்யவேண்டும். அன்றேல் வேறு விசா நிலைக்கு அவனே விண்ணப்பிக்கவேண்டும். இரண்டும் இல்லையேல் புறப்படவேண்டும். அவனைச் சார்ந்து தங்கியிருக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் அதே கதிதான்.

52-ஆம் நாள் புதிய நிறுவனத்தின் மனு போய்ச் சேர்ந்தது. அன்றிரவுதான் உறங்கினோம்.

ஏன் மறைத்தாய் என்று பின்னர் வினவினோம். "சங்கத்தில் எல்லோரிடமும் என்னைப்பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தீர்களே" என்றான்.

அன்பர்களே, வழக்கறிஞருக்கென அவன் பிறரிடம் கடன்பட்ட பணம் எங்கள் கையில் இருந்தது. எங்கள் பெருமைப்பேச்சே அவன் வாயை அடைத்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் இல்லங்களில், வேலை போன செய்தி முதல் நாளே வந்துசேரும்படி நாம் நடந்துகொள்வோமாக.