கடல் நடுவே குளத்து மீன்

நாலாபுறமும் கடல் சூழ்ந்த லிட்டில் அந்தமானில் தூண்டில்காரர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) தெற்கே சுமார் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது ஹட் பே. லிட்டில் அந்தமானின் துறைமுக ஊர் இதுதான். படகுத்துறையில் சூரையும் வஞ்சிரமும் வந்து இறங்குகின்றன. ஆனாலும் உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களில் மூங்கில் கழியும் நைலான் நரம்பும் எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போகிறார்கள்.

காரணம் கிராமங்களின் பெயரிலேயே இருக்கிறது: நேதாஜி நகர், ரவீந்திர நகர், ராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளி அகதிகளை இந்தத் தீவில் குடியேற்றலாம் என்று 1965-ல் மத்திய அரசின் குழு பரிந்துரைத்தது. வந்தவர்கள் நதிக்கரை மக்கள். அவர்களுக்கு மீன் என்றால் ஆற்று மீன், குளத்து மீன். மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். வீட்டோரம் குளம் வெட்டினார்கள். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டார்கள்.

இந்த மூன்றும் தீவின் சொந்த மீன்கள் அல்ல. தேங்கிய நீரில் வளருமே தவிர முட்டையிடாது. அதற்கு மழைக்கால ஆற்று வெள்ளம் வேண்டும். 1957 ஜூலை 10-ல் ஹீராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகே, ஆறில்லாத ஊர்க் குளங்களுக்கும் குஞ்சு கிடைப்பது சுலபமாயிற்று.

மீனின் பழக்கம் தெரிந்தவனுக்கே தூண்டில் வசப்படும். கட்லா மேல்மட்டத்தில் மேயும்; ரோகு நடுவில்; மிர்கால் சேற்றோடு. தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே எத்தனை முழம் நரம்பு விடுவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. முதலில் தவிடும் புண்ணாக்கும் தூவி மீனைக் கூட்ட வேண்டும். பிறகு மாவு உருண்டையை முள்ளில் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஓடைகளின் கழிமுகத்தில் கதையே வேறு. அங்கே கிடைப்பது கொடுவாயும் மடவையும். கூடவே உப்புநீர் முதலையும் உண்டு. நல்ல தண்ணீரிலும் அது தங்கும், ஓடை வழியே உள்ளே ஏறியும் வரும். 1972-ம் வருட வனவிலங்குச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு தருகிறது; கரையில் நிற்பவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீரை ஒட்டி நிற்பது, தினமும் ஒரே இடத்தில் உட்காருவது, மீன் குடலை ஓடையில் எறிவது மூன்றும் ஆபத்து.

2004 டிசம்பர் 26 சுனாமி ஹட் பேயைச் சூறையாடியது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தாழ்வான பகுதிகளில் வயலும் குளமும் உப்பாயின. உப்பேறிய தண்ணீரில் கெண்டை பிழைக்காது. அதைக் கழுவ மழைதான் வரவேண்டும். நல்லவேளையாக, இங்கே வருடத்துக்கு 3,000 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது.

அதே நாளில், கடல் பின்வாங்கியதைக் கண்ட ஓங்கி பழங்குடியினர் மேட்டுக்கு ஏறித் தப்பித்தார்கள். இந்தத் தீவின் பூர்வகுடிகள் அவர்கள்தான்; இன்று நூற்றுச் சொச்சம் பேர். ஆண்கள் வில்லும் அம்பும் கொண்டும், பெண்கள் கைவலை கொண்டும் ஓடைகளில் மீன் பிடித்த மரபு அவர்களுடையது. இரும்பு முள்ளும் நைலான் நரம்பும் வெளியார் கொண்டுவந்தவை. 1957-ல் தீவு முழுவதும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1972-லும் 1977-லும் அதிலிருந்து பகுதி பகுதியாக வெட்டி எடுக்கப்பட்டது. குடியேற்றக் கிராமங்களும் அவற்றின் குளங்களும் இருப்பது அப்படி விடுவிக்கப்பட்ட நிலத்தில்தான்.

2021-ல், விமான நிலையமும் சுற்றுலா நகரமுமாக இந்தத் தீவையே மாற்றும் நீதி ஆயோக் திட்டம் ஒன்று செய்தியாயிற்று. ஊரை இழந்து வந்தவர்கள் வெட்டிய குளமும், காட்டை இழந்தவர்களுக்கு மிஞ்சிய ஓடையும் சில கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. அடுத்த திட்டம் எதுவாயினும், கை வைப்பதற்கு முன் இரண்டு கரையிலும் கேட்க வேண்டும்.