ரீசெட் பட்டன்



எங்கட பாடசாலைக் கிணற்று மோட்டார் ஓடி ஓடி நிக்கும். நாங்க ஆசிரியர்மார் பெட்டியத் திறந்து ரீசெட் பட்டனை அமத்துவோம். திரும்ப நிக்கும். அலுத்துப்போய், ஓவர்லோட் ரிலேயை 'ஆட்டோ'வில திருப்பி விட்டோம். பெரிய கெட்டித்தனம் செஞ்ச நினைப்பு.

ஒரு நாள் நின்ற மோட்டார்ல பெல்ட்டைப் பார்க்க எங்கட காவலாளி நானா குனிஞ்சார். ரிலே சூடு ஆறினதும் மோட்டார் தானா ஓடத் தொடங்கிட்டு. தாங்கியில தண்ணி குறைவு, மிதவை சுவிட்ச் ஓன்லதானே இருந்த. விரல் நுனி கிழிஞ்சதோட போச்சு, அல்ஹம்துலில்லாஹ்.

எலக்ட்ரீஷியன் வந்து ஏசின ஏச்சு! அந்த ரிலேக்குள்ள ரெண்டு உலோகம் ஒட்டின தகடுகள் இருக்காம். மோட்டார் கூட கரண்ட் இழுத்தா அது சூடாகி வளைஞ்சு ஸ்டார்ட்டரை விடுவிக்கும். இறுகிப்போன பெயாரிங்கைத்தான் அது இவ்வளவு நாளும் எங்களுக்குச் சொல்லியிருக்கு. நாங்க அதுட வாயை அடைச்சோம்.

பெயாரிங் மாத்தியாச்சு. ரிலே மெனுவல்ல, டயல் மோட்டார் தகட்டில உள்ள அம்பியருக்கு. மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணாம யாரும் கிட்டப் போறதில்ல. பெட்டிச் சாவி அதிபர்கிட்ட. நாங்க கேட்டாலும் குடுக்க வேணாம் என்று நாங்களே சொல்லியிருக்கோம்.