பூச்சுக்கு முன்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் வாழ்பவர்களுக்கு உப்பைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. யன்னல் கம்பி, கதவுப் பிணைச்சல், சைக்கிள் சங்கிலி என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. தென்மேல் பருவக்காற்று பலக்கும் மாதங்களில் காலையில் காரின் கண்ணாடியைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும்.

உப்பை அறிந்த நமக்கு அதனோடு சேர்ந்து வரும் இன்னொன்றைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. கரையோரப் புகையிரதப் பாதை இங்கே மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் இடையில் ஓடுகிறது. நிலையத்தை நெருங்கும் புகையிரதம் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் நுண்ணிய இரும்புத் துகள்கள் பறக்கின்றன. காற்று அவற்றைக் கொண்டுவந்து நமது கார்களின் மேற்பூச்சிலே பதித்துவிடுகிறது. ஈரம்பட்டுத் துருப்பிடித்த பின்னர், வெள்ளை நிறக் கார்களில் அவை செம்மஞ்சள் புள்ளிகளாய்த் தெரியும். கொட்டாஞ்சேனைவாசிகளுக்கோ துறைமுகப் பக்கம் போய்வரும் கொள்கலன் லொறிகளின் பிரேக் தூசி இருக்கவே இருக்கிறது.

இந்தப் புள்ளிகள் ஒரு காலத்தில் எவருக்கும் பெரிய கவலையாக இருந்ததில்லை. பழையதை விற்று வேறொன்றை வாங்கலாம் என்ற நினைப்பு இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடையில் 2022இல் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. ரூபாவின் வீழ்ச்சியும் வரியும் சேர்ந்து புதிய காரை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டாத பொருளாக்கிவிட்டன. வாசலில் நிற்கும் பதினைந்து வயதுக் காரே பலருக்கு இப்போது ஆயுட்காலச் சேமிப்பு. அதனால்தான் 'செரமிக் கோட்டிங்' விளம்பரங்கள் நம்மை இவ்வளவு இலகுவாக இழுக்கின்றன. ஒரே பூச்சு, பல வருடப் பாதுகாப்பு என்கிறார்கள். காலையில் விட்டால் மாலையில் எடுத்துப் போகலாம் என்றும் சொல்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த பெயின்ற் பாஸ் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருடத் தொழில். "அரை நாளில் செய்கிறார்களாமே, பாஸ்?" என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"ஐயா, மேல பூசுறது பூட்டு மாதிரி. கள்ளன உள்ள வச்சுப் பூட்டினா யாருக்கு லாபம்?" என்றார்.

அவருடைய வேலைமுறையைச் சில நாட்கள் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் வெறும் தண்ணீர். துணி படுவதே இல்லை. மணல் போன பிறகுதான் காரத்தன்மையற்ற ஷாம்பூ. சவர்க்கார நீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. கூரையில் தொடங்கிக் கீழே வருவார். அடுத்து, நிழலில் வைத்து இரும்பைக் கரைக்கும் திரவத்தைத் தெளிப்பார். சில நிமிடங்களில் வெள்ளைக் கதவிலே ஊதா நிறம் வழியும். இரும்போடு திரவம் வினைபுரிவதன் அடையாளம் அது. காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

பின்னர் களி போன்றதொரு கட்டியை, வழுக்கும் திரவம் தெளித்த பரப்பில் மெதுவாகத் தேய்ப்பார். ஜப்பானில் உருவாகி 1990களில் உலகெங்கும் பரவிய பொருள் இது. கழுவலுக்கு அசையாத துகள்களை அது பிடுங்கி எடுக்கும். கட்டி தவறி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிட வேண்டும். ஒட்டிய ஒரு மணல் போதும், கதவு முழுவதும் கீறலாகும். முடிந்ததா என்றறிய மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை நுழைத்துத் தடவுகிறார். வெறுங்கைக்குப் புலப்படாத சொரசொரப்பு பையினூடாகத் தெரிந்துவிடும். வாசகர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம்; காசு செலவில்லை.

அதன் பிறகே 'கட் அண்ட் பொலிஷ்'. நாம் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் தடிப்பு. தலைமயிரை விடவும் மெல்லியது. கீறலை மறைப்பதென்றால் அந்தப் படலத்தைச் சுற்றியுள்ள மட்டம் வரை தேய்த்துக் குறைப்பதுதான். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோன் போகும், போனது திரும்பாது. வருடந்தோறும் பளபளப்புக்காக வெட்டிய கார்களின் கூரை, ஒருநாள் பாம்புச் சட்டைபோல் உரியும். அதற்குப் பொலிஷ் மருந்தில்லை. புதிதாக பெயின்ற் அடிக்கவே வேண்டும்.

அழுக்கின்மேல் அவசரத்தில் பூசிய பூச்சு, விலை கூடிய தவறாவதும் இதனால்தான். கடினமான அந்தப் படலம் அடியிலுள்ள கறையையும் கீறலையும் சேர்த்தே காப்பாற்றும். அதை அகற்ற மீண்டும் தேய்க்க வேண்டும். அதாவது, பாதுகாக்க நினைத்த படலத்தையே செலவழிக்க வேண்டும்.

பொலிஷில் இருக்கும் எண்ணெய் சிறு கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். ஆகவே கடைசியில் ஐசோபுரப்பைல் அற்ககோலால் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறார் பாஸ். காரின் மெய்யான முகம் அப்போதுதான் தெரிகிறது. எண்ணெய் இருந்தால் பூச்சும் சரியாகப் பிடிக்காது. பூசிய பின் ஒருநாளாவது தண்ணீர் படக்கூடாது. கொழும்பின் பின்னேர மழையை நம்ப முடியாதாகையால் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்கிறார்.

இரண்டு நாள் ஆயத்தம். பூச்சுக்குச் சில மணித்தியாலம். வாடிக்கையாளர் கேட்பதோ போத்தலின் பெயரை மட்டுமே. கழுவியதற்கும் துடைத்ததற்கும் கூலி கேட்டால் முகம் மாறுகிறது. அரை நாளில் முடிப்பவரிடம் தமது வாடிக்கையாளர் சிலர் போய்விட்டதாக அவர் மனத்தாங்கலின்றிச் சொன்னார். "அவங்க கார் ரெண்டு வருஷத்தில இங்க வரும், ஐயா. அப்ப தேய்க்க மிச்சம் இருக்குமோ தெரியாது."

பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும் இதே நிலைதான். பிழையில்லாத பக்கத்தை எவரும் பாராட்டுவதில்லை. பிழை இருந்தால்தான் அவர்களுடைய ஞாபகம் வரும். அடுத்த தடவை உங்கள் காரை எவரிடமாவது ஒப்படைக்கும்போது எந்தப் பூச்சு என்று கேட்காதீர்கள். பூசுவதற்கு முன் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அதற்கு நீளமாகப் பதில் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.