அப்பாவின் வானொலியும் அண்ணனின் கிற்றாரும்

அப்பாவின் வானொலியைக் கடந்த மாதம் பிரித்தேன். 1983 ஆடிக் கலவரத்தின்போது முகத்துவாரத்து வீட்டை விட்டு ஓடுகையில் அவர் நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்த ஒரே பொருள் அது. பல ஆண்டுகளாகப் பேச்சற்றுக் கிடந்தது. ஆயினும் பற்றாசுக்கோலை எடுத்தபோது கை தயங்கியது.

நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பிசையை வீடுதோறும் கொண்டுசேர்த்த எழுபதுகளில், அண்ணன் கிற்றார் வாசித்தார். ஜிமி ஹென்றிக்ஸினுடையதைப் போலத் தன் கிற்றாரும் உறும வேண்டும் என்பது அவரது ஆசை. அவ்வுறுமலைத் தரும் ‘ஃபஸ் ஃபேஸ்’ என்னும் வட்டவடிவக் காற்பெட்டியை 1966இல் இலண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்டிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிப் பாணுக்கே வரிசையில் நின்ற காலத்தில், அதற்கு எங்கே போவது? கலவரம் ஓய்ந்து திரும்பியபோது வீட்டில் கிற்றாரும் இருக்கவில்லை. அண்ணன் கனடா சென்றார். அப்பா எதை எடுத்தார், எதை விட்டார் என்பதை மட்டும் அவர் மறக்கவில்லை.

காற்பெட்டியின் உள்ளமைப்பு எளியது. இரண்டு திரான்சிஸ்டர்கள், நான்கு தடையிகள், மூன்று கொள்ளளவிகள், இரண்டு திருகுகள், 9 வோல்ற் மின்கலம் ஒன்று. கிற்றாரின் மின்னலையை அளவுமீறிப் பெருக்கி அதன் முடியையும் அடியையும் அது வெட்டிவிடுகிறது. வானொலியில் குறையெனக் கருதப்படும் சிதைவே இங்கு இசையாகிறது. ஆதிப் பெட்டிகளில் இருந்தவை ஜேர்மானியத் திரான்சிஸ்டர்கள். இன்று அவை அரிது. அப்பாவின் வானொலியில் ஏசி128 இரண்டு இருந்தன. ஏனையவற்றைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன்.

இரவில் மகளின் கிற்றாரை இணைத்தபோது அருமையாக உறுமியது. மறுநாள் நண்பகலில் விக்கி விக்கி அடங்கியது. ஜேர்மானியம் வெப்பத்துக்கு அஞ்சும். சூடேறினால் அதிற் கசியும் மின்னோட்டம் பெருகி, திரான்சிஸ்டரின் சமநிலை குலையும். 8.2 கிலோ ஓம் தடையிக்குப் பதிலாக மாறுந்தடை ஒன்றை வைத்து, இரண்டாம் திரான்சிஸ்டரின் சேகரிப்பானில் ஏறத்தாழ 4.5 வோல்ற் நிற்கும்படி திருகினேன். நண்பகலிலும் குரல் வந்தது.

அன்றிரவு தொலைபேசியில் அண்ணனுக்குக் கேட்கச் செய்தேன். திரான்சிஸ்டர்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை.

“அப்பா றேடியோவைத் தூக்கினது இதுக்குத்தானோ, தம்பி?”

பெட்டியை அடுத்த வாரம் அனுப்புகிறேன். கனடாக் குளிருக்கேற்ப மாறுந்தடையை அவரே திருகிக்கொள்ளட்டும்.