கணினிப் பட்டம் பயன் தருமா?

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருதல் வேண்டும் எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுதலாம் என முதலில் எண்ணினேன். தமிழாசிரியனிடம் பிறர் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆயினும், சில காலமாக என் உள்ளத்தை விட்டகலாத வினா ஒன்று உண்டு. அது என் மருமகன் என்னிடம் கேட்டது. உயர்தர வகுப்பிற் பயிலும் நம் மாணவரும் அவர்தம் பெற்றோரும் இன்று கேட்பதும் அதுவேயாதலின், அதனையே இங்கு எடுத்துக்கொள்கின்றேன்.

2023ஆம் ஆண்டிலே ஒரு மாலைப் பொழுது. என் தங்கையின் மகன் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்தான். அரச பல்கலைக்கழகம் ஒன்றிற் கணினி விஞ்ஞானம் பயில அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அதே கிழமையில், கணினி நிறுவனம் ஒன்றிலே வேலையும் கிடைத்திருந்தது. பரீட்சை எழுதியபின் பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் காத்திருந்த நீண்ட மாதங்களில் அவன் தானாகவே நிரல் எழுதப் பழகியிருந்தான். அந்தத் திறமையைக் கண்டே வேலை தர முன்வந்தார்கள்.

"மாமா, நாலு வருஷம் படிச்சுப்போட்டும் இதே வேலைக்குத்தானே போகப்போறன்? இப்பவே போனால் என்ன? அம்மாவுக்கும் உதவியாய் இருக்கும்" என்றான்.

அவனுடைய தந்தையார் காலமாகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. தங்கை ஒரு தையல் இயந்திரத்தைக் கொண்டே வீட்டை நடத்தி வந்தாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அவ்வருமானம் அரிசிக்கும் மாவுக்குமே போதாதிருந்தது. எனவே அவன் கேட்டது விளையாட்டு வினாவன்று.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஏனெனில், யான் பட்டதாரியல்லேன்.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊர்பெயர்ந்த இரவிலே எம் குடும்பமும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. பாடப் புத்தகங்களை அரிசிப் பையோடு சேர்த்துக் கட்டித் தோளிற் சுமந்தேன். குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த அவ்வாண்டுகளிலே ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் நாங்கள் படித்தோம். 1998இல் உயர்தரப் பரீட்சை எழுதினேன். கலைப்பீடத்துக்கு அனுமதிக் கடிதமும் வந்தது. அவ்வேளையில் தந்தையார் படுக்கையில் வீழ்ந்தார். எனக்கு இளையவர் இருவர். கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் தொண்டர் ஆசிரியனாகச் சேர்ந்தேன். பின்னர் நியமனம் பெற்று, கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிலே பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியனானேன். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிவு செய்ததும் உண்டு. முதற் பரீட்சையோடு அது நின்றுவிட்டது. எனக்குப் பின் சேர்ந்த பட்டதாரிகள் என்னைக் கடந்து மேற்பதவிகளுக்குச் சென்றதைப் பல முறை கண்டிருக்கின்றேன்.

ஆகவே, "பட்டம் படி" என்று சொல்ல என் நா எழுந்தபோது, சொல்வது அவன் நலம் நாடும் அறிவா, அன்றி ஆறாத என் பழைய புண்ணா என்னும் ஐயம் எழுந்தது. தன் குறையைப் பிறர் பிள்ளைமீது ஏற்றி ஆறுதல் தேடுவது ஆசிரியனுக்கு அழகன்று. "ஒரு கிழமை பொறு தம்பி" என்று சொல்லி அவனை அனுப்பினேன்.

அந்தக் கிழமையில் என் நினைவுக்கு வந்தது 2010ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம். தவணைப் பரீட்சைக்குத் தமிழ் வினாத்தாளைப் பாமினி எழுத்துருவிலே இரவிரவாகத் தட்டச்சுச் செய்து, காலையில் அச்சுக்கூடத்துக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்த கணினியிலே திறந்தால், ஒரு தமிழெழுத்தேனும் இல்லை! ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் வரிவரியாய் நின்றன. அங்கு வேலை பார்த்த இளைஞன், மூன்று மாத வகுப்பொன்றிற் பயின்றவன், சிறிதும் கலங்கவில்லை. "இதிலை அந்த எழுத்துரு இல்லைச் சேர், போட்டால் சரி" என்றான். போட்டான், சரியாயிற்று. அவனுக்கு யான் இன்றும் கடமைப்பட்டவன்.

அடுத்த கிழமை, பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் பயின்றுகொண்டிருந்த என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நிகழ்ந்ததை அவனிடம் கூறினேன். அவன் சிரித்து, "சேர், உங்கட வினாத்தாள் கணினிக்குள்ளே ஒருநாளும் தமிழாய் இருக்கேல்லை" என்றான். யான் திடுக்கிட்டேன். பாமினியிலே 'க' என்று நாம் காண்பது பொறியினுள்ளே 102 என்னும் எண். அஃது ஆங்கிலத்தின் ஆறாம் எழுத்துக்குரியது. அவ்வெண்ணுக்குத் தமிழ் வடிவமொன்றைப் போர்த்திவிட்டார்கள். போர்வை இல்லாத இடத்தில் உள்ளிருந்தது வெளிப்பட்டது. ஒருங்குறி முறையிலோ, தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே 2965 என்னும் எண் 'க' என்னும் எழுத்துக்கே உரியது, வேறெதற்கும் உரியதன்று.

அவன் மேலும் ஒன்று சொன்னான். ஒருங்குறியிலே 'க்' என்னும் மெய்க்குத் தனி எண் இல்லை. 'க' என்பதன் எண்ணையும், புள்ளிக்குரிய 3021 என்னும் எண்ணையும் அடுத்தடுத்து வைத்தே 'க்' ஆக்குகின்றனர். நம் இலக்கணத்தில் மெய் முதலில் நிற்கும். அதன்மேல் அகரம் ஏறிய பின்னரே 'க' பிறக்கும். பொறியிலே அம்முறை தலைகீழாயிருக்கின்றது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்தெத்தனை என்றால் நம் சிறுவர் மூன்று என்பர். பொறியை வெறுமனே எண்ணச் சொன்னால் ஐந்து என்னும். இதனை அறியாதவன் தமிழுக்கென எழுதும் நிரல், தன் பிழையைத் தானே அறியாது பிழைத்துக்கொண்டேயிருக்கும்.

மேசைமேல் இருந்த அகராதியைக் காட்டி, "சொல் தேடும்போது முதற்பக்கத்திலிருந்தா புரட்டுகிறீர்கள்?" என்று கேட்டான். 1842இல் வெளிவந்த நம் மானிப்பாய் அகராதியில் ஏறக்குறைய 58,500 சொற்கள் உள்ளன என்பர். ஒவ்வொன்றாய்ப் பார்த்துச் சென்றால், இறுதிச் சொல்லைக் காண அத்தனையையும் பார்த்தல் வேண்டும். நடுவிலே திறந்து, வேண்டிய சொல் முன்னா பின்னா என அறிந்து, மற்றைப் பாதியை நீக்கி, எஞ்சியதை மீண்டும் பாதியாக்கிச் சென்றாலோ, 16 முறைக்குள் எச்சொல்லையும் கண்டுவிடலாம். அகராதி இரு மடங்கானால் வேலை இரு மடங்காவதில்லை. ஒரு முறை மட்டுமே கூடும். ஆனால் சொற்கள் அகர வரிசையில் இல்லையேல் இம்முறை செல்லாது. "எது, எப்போது செல்லும், ஏன் செல்லும் என்பதைத்தான் எங்களுக்குப் படிப்பிக்கினம் சேர்" என்றான்.

அச்சுக்கூடத்து இளைஞன் நோய்க்கு மருந்தறிந்தவன். இவன் நோயின் காரணத்தையும் அறிந்தவன். இருவரும் வேண்டப்படுபவரே. ஆயினும், மருந்து மாறும் காலத்திலே முன்னவன் மீண்டும் ஒருவரிடம் கேட்டல் வேண்டும். நிரல்மொழிகள் வந்துகொண்டேயிருக்கின்றன, பைதன் 1991இலும் ஜாவா 1995இலும் வெளிவந்தன, நாளை வேறொன்று வரும். பொறியினாற் கணிக்கத்தக்கது எது, தகாதது எது என்று அலன் ரூரிங் 1936இல் எழுதியதோ இன்றும் மாறவில்லை. பேச்சுப் பழகுவதற்கும் இலக்கணம் பயில்வதற்கும் உள்ள வேறுபாட்டையே யான் இங்குக் காண்கின்றேன். பேச இலக்கணம் வேண்டியதில்லை. பிழை எங்குளது என்று காட்ட அது வேண்டும். 2022ஆம் ஆண்டு கார்த்திகையிலே சாட்ஜிபிடி வெளிவந்தபின், கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் பொறிகள் பெருகிவிட்டன. எழுதத் தெரிவது மட்டும் இனிப் போதாது. எழுதப்பட்டது சரியோ என்று ஆராயத் தெரிதல் வேண்டும்.

இவ்வாறெல்லாம் எண்ணிய பின்னரும், மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. பட்டம் பெற்றும் இவற்றுள் எதனையும் பெறாதவர் உளர். விரிவுரைக் குறிப்பை மனனம் செய்து, பரீட்சைத் தாளில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருவோர்க்கு நான்காண்டுகளும் வீணே. பட்டமின்றியே இத்துறையில் நன்கு உழைத்து வாழ்வோரும் பலர். பில் கேட்ஸ் 1975இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கியதை இளைஞர் அடிக்கடி எடுத்துக் காட்டுவர். அவர் 1968இலேயே, பள்ளி மாணவனாக, கணினியிற் பழகும் வாய்ப்புப் பெற்றவர் என்பதையும் உடன் சொல்லல் வேண்டும்.

செலவும் நோக்கற்பாலது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியின் பயனாக, நம் அரச பல்கலைக்கழகங்களிலே இப்பட்டத்துக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. தனியார் நிறுவனங்களிலோ இலட்சக்கணக்கிற் செலுத்தல் வேண்டும். ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றதற்குப் பொருந்தாது. காணியை ஈடுவைத்து, பிள்ளைக்கு விருப்பமில்லாத பட்டத்தை வாங்க நினைக்கும் பெற்றோர்க்கு, "வேண்டாம்" என்றே யான் கூறுவேன். வேலை செய்துகொண்டே பயில விரும்புவோர்க்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம் உண்டு. அது எளிதன்று, வேலையும் படிப்பும் ஒருங்கே இழுக்கும்போது எது அறுபடும் என்பதை யான் அறிவேன்.

எட்டாம் நாள் தங்கை வீட்டுக்குச் சென்றேன். தையல் இயந்திரத்தின் பக்கத்திலே மருமகன் நின்றான். "தம்பி, நீ சொன்னது சரி, நாலு வருஷத்துக்குப் பிறகும் இதே வேலைக்குத்தான் போவாய். ஆனால் அதே ஆளாய்ப் போகமாட்டாய். வேலை பிறகும் வரும். கட்டணமில்லாத இந்த நாலு வருஷமும் திரும்பி வராது. கடுதாசிக்காகப் போறதெண்டால் போகாதை. ஏன் எண்டு அறியிறதுக்காகப் போறதெண்டால் போ" என்றேன்.

அவன் தலைகுனிந்து நின்றான். தங்கைதான் பேசினாள்: "அண்ணை, நீங்கள் சொல்லுறது விளங்குது. வீடு எப்பிடி ஓடும்?"

அக்கேள்விக்கு இலக்கணத்தில் விடையில்லை. 1999இல் எனக்கும் பலர் "படி" என்று அறிவுரை கூறினார்கள். வீடு எப்படி ஓடும் என்பதற்கு ஒருவரும் விடை கூறவில்லை. அறிவுரை சொல்பவன் அதன் பாரத்திலும் ஒரு பங்கைத் தாங்கல் வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்திலே கடன் பெற்றேன். மாதந்தோறும் என் சம்பளத்தில் ஒரு பகுதி தங்கை வீட்டுக்கும், மற்றொரு பகுதி கடனுக்கும் செல்கின்றது. என் மனையாள் தன் வளையல் செய்யும் எண்ணத்தைத் தள்ளிவைத்தாள். அதனைச் சொல்லாதுவிட்டால் யான் மட்டும் கொடையாளியாகத் தோன்றுவேன்.

மருமகன் பல்கலைக்கழகம் சென்றான். முதலாண்டிலே ஆங்கில விரிவுரைகள் விளங்காது இடர்ப்பட்டான். நிரல் எழுதும் பாடத்திலே தனக்கு முன்பே தெரிந்ததைச் சொல்லித் தருகிறார்கள் என்று சலித்துக்கொண்டான். கணிதப் பாடம் ஒன்றிற் சித்தியெய்தவில்லை; மறுமுறை எழுதல் வேண்டும். அதனைக் கேட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தவறான வழி காட்டிவிட்டேனோ என்று வருந்தினேன். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். கடன் பற்றியோ பரீட்சை பற்றியோ பேசவில்லை. தமிழ்ச் சொற்களை அகர வரிசைப்படுத்த நிரல் எழுத முயல்வதாகவும், உயிர்மெய்யை எவ்வாறு பிரிப்பதென்று தெரியவில்லை என்றும் கூறி, "மாமா, 'கொ' எண்டதுக்குள்ளை முதலிலை நிக்கிறது 'க்' தானே?" என்று கேட்டான். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவன் அந்த வினாவை நாடிச் சென்றதே எனக்குப் போதும் என்று அன்றிரவு தோன்றியது. பட்டம் பெறுவானோ என்பதை இனித்தான் காணல் வேண்டும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இத்துறையிலே பல நாடுகளில் உயர்நிலையில் உள்ளீர்கள். "படிக்கலாமா?" என்று இங்கிருந்து இளைஞர் உங்களிடம் கேட்பார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ உங்கள் அனுபவத்துக்கேற்ப விடை கூறுங்கள். அத்தோடு, "வீடு எப்படி ஓடும்?" என்றும் ஒருமுறை அவர்களிடம் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை கிடைத்தால், மற்றதற்குரிய விடையைப் பெரும்பாலான பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.