வெந்த நகரும் நன்றிக் கல்லும்

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள ஓலெசுண்ட் துறைமுகத்தில் எமது கப்பல் தரித்தது ஆறு மணி நேரமே. வண்டி எதனையும் நாடாது கால்நடையாகவே புறப்பட்டோம்.

வீதியின் இருமருங்கும் கற்கட்டடங்கள். முகப்புகளிலே கொடிகள், மலர்கள், விந்தை முகங்கள். யாவும் ஏறத்தாழ ஒரே வயதினவாய்த் தோன்றின. காரணத்தை, 1907இல் எழுந்து இப்போது நூதனசாலையாக விளங்கும் பழைய மருந்துச்சாலையில் அறிந்தோம். 1904 ஜனவரி 23 அதிகாலை, பெருங்காற்றோடு மூண்ட தீ ஏறத்தாழ 850 வீடுகளை விழுங்கிற்று. மாரிக் குளிரிலே பத்தாயிரம் பேர் வீடிழந்தனர். ஆயினும் மாண்டவர் ஒருவரே. மரத்தைக் கைவிட்டுக் கல்லாலும் செங்கல்லாலும் மூன்றே ஆண்டுகளில் நகரை மீள எழுப்பினர்.

அப்பொழுது உணவும் கட்டடப் பொருளும் கப்பல்களில் அனுப்பியவர், ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம். நகரப் பூங்காவிலே அவர் நினைவாக ஒரு கல் நிற்கின்றது. பத்தாண்டுகளின் பின் மூண்ட உலகப் போரின் பொருட்டு அவரைக் கடிந்துரைத்தே வகுப்பறையில் நாம் கற்பித்து வந்தோம். 1940 முதல் ஐந்தாண்டுகள் ஜேர்மன் படைகள் நோர்வேயை ஆக்கிரமித்தும் இருந்தன. எனினும் அக்கல் இன்றும் அங்கே உண்டு.

பூங்காவிலிருந்து அக்ஸ்லா குன்றுக்கு 418 படிகள். முழங்கால்கள் முறையிட ஏறினோம். கீழே தீவுகளும் கடலும், நடுவே வெந்து எழுந்த நகரும். கப்பல் ஊதியது, இறங்கினோம். இனி அப்பாடம் வருகையில், போரோடு இக்கல்லையும் மாணவர்க்குச் சொல்லுவோம்.