அப்பாவின் மாஸ்க்



பிரசங்க நேரத்தில் அப்பா தூங்கி வழிந்தால் வீடு போய்ச் சேரும்வரை கேலி செய்கிறோம், இல்லையா? இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திணறி விழிக்கிறாரா என்றும் கவனியுங்கள். ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். டாக்ஸியோ பஸ்ஸோ ஓட்டுகிறவர் என்றால் இது கேலிக்குரிய காரியமே அல்ல.

சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிவித்த சிபாப் சிகிச்சை, மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கிறது. நம் ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் உள்ள ஃபிஷர் அண்ட் பைக்கல் ஹெல்த்கேர் இந்த இயந்திரங்களைத் தயாரிக்கிறது. பக்கத்தில் இருந்து என்ன பயன்? மூக்கு வறள்கிறது, காற்று கசிகிறது, வெட்கம் வேறு. பலர் சீக்கிரமே கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

நர்சுகளாகிய நாங்கள் அதை இப்போது மறுநாளே திரையில் பார்த்துவிடுகிறோம். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கசிந்தது என்று இயந்திரத்திலுள்ள மோடம் சொல்லிவிடும். நான்கு மணி நேரமாவது, பத்தில் ஏழு இரவுகளாவது போட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. குறைந்தால் போன் செய்வோம்; சிலருக்கு மாஸ்க்கை மாற்றினாலே சரியாகிவிடும். 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கணினி தானாக அனுப்பிய செய்திகளே உபயோகத்தைக் கூட்டின. இணையப் பாடம் மட்டும் பெற்றவர்களிடம் பெரிய மாற்றமில்லை.

தெரியாத நம்பர் என்று போனையே எடுக்காத அப்பாக்களிடம்தான் நாங்கள் திண்டாடுகிறோம். கிளினிக் நம்பரை அவர் போனில் சேமித்துக் கொடுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் பக்கத்தில் உட்காருங்கள்; மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்கலாம்.